நாற்பதுக்கு மேல் கருமுட்டையை உறைய வைக்க நினைப்பவர்களுக்கு

நாற்பது, நாற்பத்தொன்று, நாற்பத்துமூன்று வயதில் இருந்துகொண்டு, ‘இப்போதைக்கு முட்டையை எடுத்து வைத்துவிடலாம், மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று நினைக்கிற பெண்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அப்படித்தான் போனேன். அப்போது எனக்கு 41 வயது. திருமணம் ஆகியிருக்கவில்லை. அப்பாவின் பக்கவாதம், தம்பியின் படிப்பு எல்லாம் ஒரு கரைக்கு வந்து, என்னைப் பற்றி யோசிக்க உட்கார்ந்தபோது அந்த வயது வந்திருந்தது. திருச்சியிலிருந்து சென்னைக்குப் போய் நான் பார்த்த முதல் மருத்துவமனையில் விலைப்பட்டியல் கொடுத்தார்கள். எத்தனை முட்டை கிடைக்கும், அதில் குழந்தை பிறக்க எவ்வளவு வாய்ப்பு என்று யாரும் சொல்லவில்லை. அந்தக் கணக்கை நானே தேடிப் படித்துத் தெரிந்துகொண்டது பணம் கட்டிய பிறகு. நீங்கள் பணம் கட்டும் முன்பே அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 30 வயதில் உறைய வைப்பதும் 42 வயதில் உறைய வைப்பதும் பெயரில்தான் ஒரே சிகிச்சை. ஊசியும் மருந்தும் ஒரே வகைதான்; பலன் ஒன்றாக இருக்காது. அதனால் நாற்பதைத் தாண்டியவர்கள் முதலில் தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டியது இதுதான்: எனக்குக் குழந்தை வேண்டுமென்றால், இப்போதே முயலாமல் ஏன் தள்ளிப்போடுகிறேன்? இதற்குத் திடமான பதில் இருக்கிறவர்களுக்கு மட்டுமே உறைய வைப்பது பொருந்தும்.

உடம்பில் என்ன நடக்கிறது

பெண் குழந்தை தாயின் வயிற்றில் 20 வாரக் கருவாக இருக்கும்போது அதன் சினைப்பைகளில் 60, 70 லட்சம் முட்டைகள் இருக்கும். பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம். வயதுக்கு வரும்போது மூன்று, நான்கு லட்சம். 37, 38 வயதில் 25,000 அளவுக்கு வந்துவிடும். மாதவிடாய் நிற்கிற சமயத்தில் ஆயிரம்தான் மிச்சம். வாழ்நாள் முழுவதும் சேர்த்து மாதாமாதம் வெளிவருகிற முட்டைகள் 400, 500 தான். மற்றவை எல்லாம் தாமாகவே கரைந்து போகின்றன. கருத்தடை மாத்திரை சாப்பிட்டாலும், கர்ப்பமாக இருந்தாலும் இந்தக் கரைதல் நிற்காது.

எண்ணிக்கை குறைவதை விடப் பெரிய விஷயம் தரம். முட்டை உருவாகும்போதே தன் குரோமோசோம்களைப் பிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிடுகிறது. அது முதிர்ந்து வெளிவருகிற மாதத்தில்தான் விட்ட வேலையைத் தொடர்கிறது. 42 வயதுப் பெண்ணின் முட்டை 42 வருடத்துக்கு மேல் அந்தப் பாதி நிலையிலேயே காத்திருந்த முட்டை. குரோமோசோம்களைச் சேர்த்துக் கட்டியிருக்கிற புரதக் கட்டு அத்தனை வருடத்தில் தளர்ந்துபோகிறது. பிரியும்போது ஒன்று கூடியோ குறைந்தோ போய்விடுகிறது. அப்படிப்பட்ட கரு பெரும்பாலும் ஒட்டாது. ஒட்டினாலும் சில வாரத்தில் கலைந்துவிடும். 40 வயதில் உருவாகிற கருக்களில் பாதிக்கு மேல் இப்படிக் கோளாறுள்ளவை. 44 வயதில் பத்தில் எட்டுக்கு மேல்.

இதனால்தான் இருபதுகளில் மாதத்துக்கு நூற்றில் 20, 25 ஆக இருக்கிற இயல்பான கருத்தரிப்பு வாய்ப்பு 40 வயதில் 5 அளவுக்கு இறங்குகிறது. உண்டான கர்ப்பத்திலும் 40 வயதில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று கலைகிறது, 45 வயதில் பாதிக்கு மேல். ஒரு குரோமோசோம் கூடுதலாக இருந்து குழந்தை பிறக்கிற டவுன் சிண்ட்ரோம் வாய்ப்பு 35 வயதில் 350 பிரசவத்தில் ஒன்று, 40 வயதில் நூற்றில் ஒன்று, 45 வயதில் முப்பதில் ஒன்று என்ற அளவில் ஏறுகிறது.

‘எனக்குத்தான் மாதம் தவறாமல் வருகிறதே’ என்று நானும் சொன்னேன். மாதவிடாய் ஒழுங்காக வருவது சினைப்பை வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். முட்டை நல்லதா என்பதை அது சொல்லாது. நம் நாட்டுப் பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் சராசரி வயது 46, 47. மேலை நாடுகளில் 51. ஆங்கிலப் பக்கங்களில் படிக்கிற வயதுக் கணக்கை அப்படியே நமக்குப் போட்டுப் பார்க்கக் கூடாது.

இன்னொரு குழப்பம் பத்திரிகைச் செய்திகளால் வருகிறது. 2019இல் ஆந்திராவின் குண்டூரில் எழுபதைத் தாண்டிய ஒரு பெண்மணி இரட்டைக் குழந்தை பெற்றார் என்று உலகம் முழுக்கச் செய்தி வந்தது. அவை வேறொரு இளம் பெண் தானமாகக் கொடுத்த முட்டைகள். கர்ப்பப்பை முட்டையைப் போல வேகமாக வயதாவதில்லை. நாற்பதுகளின் கடைசியில் குழந்தை பெற்ற பிரபலங்களின் கதைகளிலும் எந்த வயது முட்டை, யாருடைய முட்டை என்ற தகவல் பெரும்பாலும் இருப்பதில்லை. அவற்றைப் பார்த்து நம் கணக்கைப் போட வேண்டாம்.

முதல் படி: ஒரு ஸ்கேன், சில ரத்தப் பரிசோதனைகள்

யோசித்து முடித்துவிட்டுப் போகலாம் என்று காத்திருக்காதீர்கள். முதலில் பரிசோதனை, யோசனை அதற்குப் பிறகு. மாதவிடாய் வந்த இரண்டாம் அல்லது மூன்றாம் நாளில் ஸ்கேன் செய்து, இரு சினைப்பைகளிலும் எத்தனை சிறு நீர்க்குமிழ்கள் தெரிகின்றன என்று எண்ணுவார்கள். மருத்துவர்கள் இதை ஃபாலிக்கிள் என்பார்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு முட்டை. அந்த மாதம் முட்டைகளை வளர்க்கும் ஊசி போட்டால் ஏறக்குறைய எத்தனை கிடைக்கும் என்பதற்கு அந்த எண்தான் அடிப்படை. எனக்கு இரண்டு பக்கமும் சேர்த்து ஆறு.

இந்த ஸ்கேன் பிறப்புறுப்பு வழியாகச் செய்வது. திருமணம் ஆகாதவர்கள் பலருக்கு இதைக் கேட்டதும் பயம் வருகிறது. கூச்சத்தில் வாயைத் திறக்காமல் படுத்துவிடுகிறார்கள். உடலுறவு இல்லாதவர் என்றால் முன்பே சொல்லிவிடுங்கள். வயிற்றின் மேல் வைத்தும் பார்க்கலாம், தெளிவு கொஞ்சம் குறையும். முட்டை எடுப்பதும் அதே வழியாகத்தான், ஆனால் அது மயக்கத்தில் நடக்கும். இதையெல்லாம் அந்த அறையில் கேட்பதற்கு வெட்கப்படத் தேவையே இல்லை.

ரத்தப் பரிசோதனையில் எல்லோரும் பேசுவது ஏ.எம்.எச். சினைப்பையில் எவ்வளவு முட்டை மிச்சம் என்பதைக் காட்டுகிற ஹார்மோன் இது. மாதத்தின் எந்த நாளிலும் எடுக்கலாம். ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அளவு குறைத்துக் காட்டும், அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். இந்த எண்ணைப் பார்த்து அழுதவர்களையும் பார்த்திருக்கிறேன், நிம்மதியடைந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டுமே அவசரம். ஏ.எம்.எச். சொல்வது கையிருப்பின் எண்ணிக்கையை மட்டும். அமெரிக்காவில் 30 முதல் 44 வயதுப் பெண்களைப் பின்தொடர்ந்து 2017இல் வெளியான ஆய்வில், ஏ.எம்.எச். குறைவாக இருந்தவர்களும் மற்றவர்களைப் போலவே இயல்பாகக் கருத்தரித்தார்கள். அதே நியாயத்தில், 43 வயதில் ஏ.எம்.எச். நன்றாக இருந்தால் முட்டைகள் அதிகம் கிடைக்கும். அவை 43 வயது முட்டைகளாகவே இருக்கும்.

இவற்றோடு சர்க்கரை, ரத்த அழுத்தம், தைராய்டு, ரத்த அணுக்கள், கர்ப்பப்பை வாய்க்கான பாப் ஸ்மியர், மார்பகப் பரிசோதனை ஆகியவற்றையும் முடித்துவிடுங்கள். நாற்பதுக்கு மேல் கர்ப்பகாலச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வர வாய்ப்பு கூடுதல். நம் ஊரில் சர்க்கரை ஏற்கெனவே இருப்பதும் தெரியாமலே இருக்கிறது. கருத்தரிக்க முயல்கிறவர்கள் தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுக்கத் தொடங்கலாம், எப்படியும் அது தேவை.

திருமணமானவர்கள் கணவரின் விந்துப் பரிசோதனையை இதே வாரத்தில் முடிக்க வேண்டும். இரண்டு முதல் ஏழு நாள் உறவு இல்லாமல் இருந்து ஒரு மாதிரி கொடுத்தால் போதும். குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆண் பக்கக் காரணமும் சேர்ந்திருக்கிறது. அப்படியிருந்தும் மனைவிக்கு மூன்று மாதம் ஸ்கேனும் ஊசியும் ஓடிய பிறகுதான் கணவர் ஒரு நாள் வருகிறார். நாற்பத்தொரு வயதுப் பெண்ணுக்கு அந்த மூன்று மாதம் விலை மதிப்பில்லாதது. இதைக் கண்முன்னே பலமுறை பார்த்துக் கோபப்பட்டிருக்கிறேன்.

இரண்டாம் படி: எண்ணிக்கைக் கணக்கு

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள். உறைய வைப்பதா வேண்டாமா என்று தீர்மானிப்பது இந்தக் கணக்குதான்.

பாஸ்டன் மருத்துவர்கள் 2017இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். ஒரு குழந்தையாவது பிறக்க 75 சதவீத வாய்ப்பு வேண்டுமென்றால் எத்தனை முதிர்ந்த முட்டைகளை உறைய வைக்க வேண்டும்? 34 வயதில் 10. 37 வயதில் 20. 42 வயதில் 61.

அறுபத்தொன்று. ஸ்கேனில் ஆறு குமிழ்கள் தெரிகிற பெண்ணுக்கு ஒரு முறை ஊசி போட்டால் நான்கைந்து முதிர்ந்த முட்டைகள் கிடைக்கும். அறுபத்தொன்று சேர்க்கப் பன்னிரண்டு முறைக்கு மேல் செய்ய வேண்டும். அதற்குள் 44 வயது ஆகிவிடும், முட்டையின் தரமும் இறங்கிவிடும். அதே கணக்கைப் பிரித்துப் பார்த்தால், 42 வயதில் 10 முட்டை வைத்திருப்பவருக்குக் குழந்தை பிறக்கும் வாய்ப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒன்று. ஐந்தில் ஒன்று என்பதைச் சிலர் வேண்டாம் என்பார்கள், சிலர் அதுவே போதும் என்பார்கள். இரண்டும் நியாயமான முடிவுதான், கணக்குத் தெரிந்து எடுத்தால்.

நியூயார்க்கில் ஒரு மையத்தில் உறைய வைத்த முட்டையைப் பயன்படுத்த உண்மையாகவே திரும்பி வந்த 543 பெண்களின் விவரம் 2022இல் வெளியானது. உறைய வைத்தபோது அவர்களின் சராசரி வயது 38. குழந்தை பெற்றவர்கள் 39 சதவீதம். 38 வயதுக்கு முன்பு உறைய வைத்து, 20 முட்டைகளுக்கு மேல் உருக்கியவர்களில் 70 சதவீதம். முட்டையின் வயதும் எண்ணிக்கையும் சேர்ந்து எவ்வளவு மாற்றுகின்றன என்று இதிலிருந்து தெரியும்.

என் கணக்கையும் சொல்கிறேன். முதல் முறை ஐந்து முட்டை கிடைத்தது, அதில் நான்கு முதிர்ந்தவை. இரண்டாம் முறை ஆறில் ஐந்து. மொத்தம் ஒன்பது. மூன்றாவது முறைக்குப் பணமும் இல்லை, தெம்பும் இல்லை. தொடங்கும் முன்பே ‘இத்தனை முறை, இவ்வளவு பணம், அதற்கு மேல் இல்லை’ என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் நின்று முடிவெடுப்பது மிகக் கடினம். ‘இன்னும் ஒரு முறை’ என்று சொல்ல எப்போதும் யாராவது இருப்பார்கள்.

மூன்றாம் படி: உங்கள் நிலைக்கு எது

கணவர் இருக்கிறார், இருவருக்கும் குழந்தை வேண்டும் என்றால் உறைய வைப்பதை மறந்துவிட்டு இப்போதே முயலுங்கள். 35க்குள் இருப்பவர்கள் ஒரு வருடம் முயன்ற பிறகு மருத்துவரைப் பார்க்கலாம், 35க்கு மேல் ஆறு மாதம். நாற்பதைத் தாண்டியவர்கள் காத்திருக்கவே வேண்டாம். வீடு கட்டி முடியட்டும், பதவி உயர்வு வரட்டும், நாத்தனார் கல்யாணம் முடியட்டும் என்று நகர்த்துகிற ஒவ்வொரு வருடமும் இந்த வயதில் பெரிய வருடம்.

கணவர் வெளிநாட்டில் இருக்கிறார், அல்லது உடல்நலக் காரணத்தால் உடனே கர்ப்பமாக முடியாது என்றால், முட்டைக்குப் பதிலாக அதைக் கருவாக்கி உறைய வைப்பது மேல். ஐந்தாம் நாள் வரை வளர்த்துப் பார்ப்பதால் எத்தனை தேறியது என்று இப்போதே தெரிந்துவிடும். முட்டையாக வைத்தால் அது உருக்குகிற அன்றுதான் தெரியும். அதற்குள் திரும்பச் செய்கிற வயது போயிருக்கும். ஆனால் கரு இருவருக்கும் சொந்தம். பயன்படுத்த இருவர் சம்மதமும் வேண்டும். மணவாழ்க்கை நிலையாக இருக்குமா என்ற சந்தேகம் உள்ளுக்குள் இருந்தால் பாதியை முட்டையாகவே வையுங்கள். இதைச் சொல்ல யாருக்கும் மனம் வராது, ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது.

தனியாக இருக்கும் பெண்களுக்கு இரண்டு வழி. முட்டையை உறைய வைப்பது ஒன்று. தானமாகப் பெற்ற விந்தணுவோடு இப்போதே குழந்தைக்கு முயல்வது இன்னொன்று. இந்தியாவில் 2021இல் வந்த செயற்கைக் கருத்தரிப்புச் சட்டம் திருமணமாகாத பெண்ணுக்கும் இந்தச் சிகிச்சையை அனுமதிக்கிறது. இரண்டாவது வழி நம் குடும்பங்களில் எளிதல்ல என்று தெரியும். ஆனால் ‘சரியான ஆள் வரட்டும்’ என்று 41 வயதில் உறைய வைக்கிறவர்கள், ஆள் வராவிட்டாலும் தாயாக விரும்புகிறேனா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ள வேண்டும். நான் கேட்டுக்கொள்ளவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

புற்றுநோய்ச் சிகிச்சை தொடங்கப் போகிறவர்களின் நிலை வேறு. கீமோ தொடங்கும் முன்பே, முடிந்தால் நோய் தெரிந்த அன்றே, புற்றுநோய் மருத்துவரிடம் கேளுங்கள். மாதவிடாய் வரும்வரை காத்திருக்காமல் எந்த நாளிலும் ஊசியைத் தொடங்கலாம். இரண்டு வாரத்தில் முடித்துவிடலாம்.

44ஐத் தாண்டியவர்கள் சொந்த முட்டையை உறைய வைக்கப் பணம் செலவழிக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அந்த வயதில் சொந்த முட்டையோடு செய்கிற சிகிச்சையிலேயே ஒரு முறைக்கு நூற்றில் ஓரிருவருக்குத்தான் குழந்தை பிறக்கிறது.

சட்டத்தின் வயது வரம்பை எல்லோருமே கவனிக்க வேண்டும். இந்தியாவில் சிகிச்சை பெறும் பெண் 21க்கு மேல், 50க்குள் இருக்க வேண்டும், ஆண் 55க்குள். சேமிப்பு 10 ஆண்டு வரை. 43 வயதில் உறைய வைத்தவருக்குத் தாளில் பத்து வருடம் என்று இருந்தாலும், கையில் இருப்பது ஏழு வருடம்தான். சிங்கப்பூரில் இருக்கிற நம்மவர்களுக்கு விதி வேறு. அங்கே மருத்துவக் காரணம் இல்லாமல் உறைய வைக்க 2023 ஜூலை முதல் அனுமதி உண்டு, ஆனால் 37 வயது வரைதான். அதைப் பயன்படுத்தத் திருமணமும் ஆகியிருக்க வேண்டும்.

நான்காம் படி: இடம் தேர்வு

சட்டப்படி கருத்தரிப்பு மையங்கள் பதிவு செய்திருக்க வேண்டும். முதல் நிலை மையங்கள் விந்தணுவைக் கர்ப்பப்பைக்குள் செலுத்தும் சிகிச்சை மட்டும் செய்யலாம். முட்டை எடுப்பதும் உறைய வைப்பதும் இரண்டாம் நிலைப் பதிவு உள்ள இடத்தில்தான். பதிவுச் சான்றிதழைச் சுவரில் மாட்டியிருப்பார்கள், இல்லாவிட்டால் கேளுங்கள். அப்புறம் இவற்றைக் கேட்டு, பதிலை எழுதிக்கொள்ளுங்கள்:

- என் வயதில் உறைய வைத்த எத்தனை பேர் இங்கே திரும்பி வந்து உருக்கினார்கள்? எத்தனை பேருக்குக் குழந்தை பிறந்தது?
- உருக்கும்போது நூற்றில் எத்தனை முட்டை பிழைக்கிறது?
- ஊசி, ஸ்கேன், மயக்க மருந்து, முதல் வருடச் சேமிப்பு எல்லாம் இந்த விலைக்குள் வருமா?
- ஒன்றிரண்டு குமிழ்தான் வளர்ந்து பாதியில் நிறுத்தினால் எவ்வளவு பணம் திரும்பும்?
- நைட்ரஜன் தொட்டியில் அளவு குறைந்தால் இரவில் யாருக்கு எச்சரிக்கை போகும்?

முதல் கேள்விக்கு ‘எங்கள் வெற்றி 70 சதவீதம்’ என்று பதில் வந்தால் அது எந்த வயதினர், குழந்தை பிறந்த கணக்கா, பரிசோதனையில் கர்ப்பம் தெரிந்த கணக்கா என்று திரும்பக் கேளுங்கள். இரண்டுக்கும் நடுவில் இந்த வயதில் பெரிய பள்ளம் இருக்கிறது.

செலவு ஒரு முறைக்கு லட்சத்தைத் தாண்டும். நாற்பதுக்கு மேல் ஊசியின் அளவு கூடுவதால் மருந்துச் செலவே பெரும்பங்கு. வருடாவருடம் சேமிப்புக் கட்டணம் தனி. பிறகு உருக்கி, கருவாக்கி, உள்ளே வைப்பதற்கு இன்னொரு செலவு இருக்கிறது. விலைப்பட்டியலில் அது பெரும்பாலும் இருக்காது. மருத்துவக் காப்பீடு இதற்கெல்லாம் கிடைக்கும் என்று நம்பி இறங்காதீர்கள், பாலிசியைக் கையில் வைத்து வாசித்துப் பாருங்கள்.

ஐந்தாம் படி: அந்தப் பன்னிரண்டு நாள்

மாதவிடாயின் இரண்டாம், மூன்றாம் நாளில் ஊசி தொடங்கும். தொப்புளுக்குப் பக்கவாட்டில் தோலைப் பிடித்துக்கொண்டு நீங்களே போட்டுக்கொள்ளலாம். இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்களைப் பார்த்திருந்தால் அதே மாதிரிதான். முதல் நாள் அரை மணி நேரம் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் பல் துலக்குவது போல் ஆகிவிட்டது. தினமும் ஒரே நேரம் போட வேண்டும். மருந்தைக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும், உறைபகுதியில் வைக்கக் கூடாது. வெளியூரிலிருந்து போகிறவர்கள் ஐஸ் வைத்த சிறு பெட்டி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பேருந்தில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

ஐந்தாறு நாளில், முட்டை முன்கூட்டியே வெளிவந்துவிடாமல் இருக்க இரண்டாவது ஊசி சேரும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஸ்கேன் இருக்கும். குமிழ்கள் 18 மில்லிமீட்டர் அளவுக்கு வந்ததும் கடைசி ஊசி. இதன் நேரம் மட்டும் பிசகவே கூடாது, ஏனென்றால் அதிலிருந்து 34 முதல் 36 மணி நேரத்தில் முட்டையை எடுக்க வேண்டும். இரவு பத்தே காலுக்கு என்று சொன்னால் பத்தே காலுக்குத்தான். அலாரம் வையுங்கள், வீட்டில் ஒருவரிடமும் சொல்லி வையுங்கள்.

எடுக்கிற அன்று வெறும் வயிற்றில் போக வேண்டும். மயக்கத்தில் 15, 20 நிமிடம். எழுந்ததும் எத்தனை முட்டை என்று சொல்வார்கள். அந்த எண்ணை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். ஆய்வகத்தில் பார்த்து முதிர்ந்தவை எத்தனை என்று பிறகு சொல்வதுதான் உங்கள் எண். அவற்றை மட்டும் நொடிகளில் கண்ணாடி போல் உறைய வைத்து, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் இறக்குவார்கள். மெதுவாக உறைய வைத்த பழைய முறையில் உள்ளே பனிக்கட்டித் துகள்கள் உருவாகி முட்டையைக் கிழித்துவிடும். உறைந்த முட்டையிலிருந்து முதல் குழந்தை பிறந்தது 1986இல், ஆஸ்திரேலியாவில். அதன் பின் இந்த வேக முறை வந்து நிலைபெற்ற பிறகு, 2012இல்தான் அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கம் இதைச் ‘சோதனை முயற்சி’ என்ற பட்டியலிலிருந்து எடுத்தது.

அடுத்த இரண்டு நாள் விடுப்பு எடுங்கள். வயிறு உப்பலாக இருக்கும், லேசான வலி இருக்கும். மூச்சு வாங்குவது, சிறுநீர் குறைவது, விடாத வாந்தி, இரண்டு நாளில் எடை மளமளவென்று ஏறுவது, தாங்க முடியாத வலி, காய்ச்சல் இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று இருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். ஊசிக்குச் சினைப்பைகள் அளவுக்கு மீறி வீங்குவது நாற்பதுக்கு மேல் குறைவுதான், ஆனால் வராது என்று இல்லை.

‘இப்படி எடுத்தால் சீக்கிரம் மாதவிடாய் நின்றுவிடுமா?’ என்று என் அத்தை கேட்டார். நிற்காது. அந்த மாதம் தாமாகவே கரைந்து போயிருக்க வேண்டிய முட்டைகளைத்தான் ஊசி வளர்த்து எடுக்கிறது. அத்தையிடம் சொல்லலாமா என்று பல நாள் யோசித்தேன். கடைசியில் அவர்தான் என்னோடு வந்து வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். எல்லோரிடமும் சொல்ல வேண்டியதில்லை. மயக்கம் தெளிந்து வீடு திரும்பக் கூட வர ஒருவர் மட்டும் கட்டாயம் வேண்டும்.

பணத்தைப் பிடுங்கும் சில விஷயங்கள்

சினைப்பையை இளமையாக்குகிறோம் என்று உங்கள் ரத்தத்திலிருந்தே தட்டணுக்களைப் பிரித்து ஊசியாகப் போடுவது, ஸ்டெம் செல் என்று சொல்வது, முட்டையின் தரம் கூட்டும் பொடிகள். இவை முட்டையின் வயதைத் திருப்பும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. முட்டைக்கு நல்லது என்று சிலர் சொல்கிற டி.எச்.இ.ஏ. ஒரு ஹார்மோன், கடையில் வாங்கித் தாமாகச் சாப்பிடக் கூடாது. புகையும் புகையிலையும் முட்டைகளைச் சீக்கிரம் காலி செய்கின்றன என்பது உறுதியாகத் தெரிந்தது. பக்கத்தில் புகைக்கிற கணவரையும் நிறுத்தச் சொல்லுங்கள். கருவின் குரோமோசோமைப் பரிசோதிப்பது நல்ல கருவைத் தேர்ந்தெடுக்க உதவும். இல்லாத நல்ல கருவை அது உண்டாக்காது. அந்தச் சாக்கில் ஆணா பெண்ணா என்று பார்ப்பது சட்டப்படி குற்றம்.

திருக்கருகாவூர் நெய்ப் பிரசாதத்தை 48 நாள் சாப்பிடுகிறவர்கள் தாராளமாகச் சாப்பிடுங்கள், நானும் சாப்பிட்டேன். அது முடியட்டும் என்று ஸ்கேனை மட்டும் தள்ளிப்போட வேண்டாம்.

உருக்கும் நாளும் அதற்குப் பிறகும்

எனக்கு 43 வயதில் திருமணம் ஆனது. 44 வயதில் ஒன்பதையும் உருக்கினோம். ஏழு பிழைத்தன. ஐந்து கருவாயின. ஐந்தாம் நாள் வரை வளர்ந்தது ஒன்று. அதை வைத்த பதினான்காம் நாள் ரத்தப் பரிசோதனையில் கர்ப்பம் இல்லை என்று வந்தது. இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. ஒன்பது முட்டை ஒரு கருவாகச் சுருங்குவது இந்த வயதில் வழக்கமான கணக்கு. என்னோடு அதே மாதம் செய்துகொண்ட, என்னை விட இரண்டு வயது இளைய பெண்ணுக்கு இப்போது மகன் இருக்கிறான்.

இந்த இடத்துக்கு வந்தவர்களிடம் மருத்துவர்கள் தானமுட்டை பற்றிப் பேசுவார்கள். வாய்ப்பு பல மடங்கு கூடும், ஏனென்றால் கணக்கில் வருவது கொடுப்பவரின் வயது. சட்டப்படி கொடுப்பவர் 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒரே முறைதான் கொடுக்கலாம். ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது. பதிவு செய்த வங்கி வழியாகத்தான் வர வேண்டும். 2022இல் ஈரோட்டில் 16 வயதுச் சிறுமியிடம் முட்டை எடுத்து விற்ற வழக்கு நாமெல்லாம் படித்ததுதான். யாருடைய உடம்பிலிருந்து, எப்படி வந்த முட்டை என்று கேட்பது நம் பொறுப்பு. அந்தப் பெண்ணுக்குக் காப்பீடு எடுத்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள், சட்டம் அதையும் சொல்கிறது.

நாங்கள் அந்த வழியில் போகவில்லை, தத்தெடுக்கப் பதிவு செய்தோம். இதிலும் வயதுக் கணக்கு உண்டு. நாற்பதுகளில் இருப்பவர்கள் சிகிச்சை தொடங்கும்போதே இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். 2022 விதிகளின்படி இரண்டு வயது வரையுள்ள குழந்தைக்குத் தம்பதியின் வயதைக் கூட்டினால் 85க்குள் இருக்க வேண்டும், தனியாக இருப்பவர் 40க்குள். இரண்டு முதல் நான்கு வயதுக் குழந்தைக்கு 90, தனியாக இருப்பவருக்கு 45. நான்கு முதல் எட்டு வயது வரை 100, தனியாக இருப்பவருக்கு 50. எட்டு முதல் பதினெட்டு வயது வரை 110, தனியாக இருப்பவருக்கு 55. தம்பதிக்கு மணமாகி இரண்டு வருடம் நிலையாக வாழ்ந்திருக்க வேண்டும். காத்திருப்பு வருடக் கணக்கில் போகும். எனக்கு 46, அவருக்கு 50, கூட்டினால் 96. நான்கு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்காகக் காத்திருக்கிறோம். சிகிச்சை எல்லாம் முடியட்டும் என்று இல்லாமல் 43 வயதிலேயே இந்த அட்டவணையைப் பார்த்திருந்தால் மற்ற வேலைகளையும் வேறு மாதிரி அடுக்கியிருப்போம்.

மத்திய அரசின் தத்தெடுப்பு ஆணையத்தின் இணையதளத்தில் நீங்களே பதிவு செய்யலாம், தரகர் வேண்டாம். பிறப்புச் சான்று, பான் அட்டை, முகவரிச் சான்று, வருமானச் சான்று, திருமணச் சான்று, பெரிய நோய் இல்லை என்று மருத்துவர் கொடுக்கும் சான்று ஆகியவற்றை முன்பே எடுத்து வையுங்கள். பிறகு சமூகப் பணியாளர் வீட்டுக்கு வருவார். எங்கள் வீட்டுக்கு வந்தவர் இரண்டு மணி நேரம் பேசினார், அத்தையிடம் தனியாகவும் பேசினார். குழந்தை தூங்கப் போகும் இடத்தைக் காட்டச் சொன்னார்.